நான்-ஸ்டிக் தோசைக்கல்லும் கூண்டுப் பறவைகளும்

காட்பாடியில் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. கூடத்துச் சன்னலோரம் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்க, நாலடி தள்ளி அடுப்பில் நான்-ஸ்டிக் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். இவை இரண்டும் அவ்வளவு அருகில் இருக்கவே கூடாது.

1938இல் கண்டறியப்பட்டு, டெஃப்லான் என்ற பெயரில் பரவிய பி.டி.எஃப்.இ. என்ற பொருள்தான் பெரும்பாலான நான்-ஸ்டிக் பாத்திரங்களின் பூச்சு. வழக்கமான சமையல் சூட்டில் அதனால் தீங்கில்லை. சூடு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சிதையத் தொடங்குகிறது. 350 டிகிரியை நெருங்கும்போது நச்சு வாயுக்களும் நுண்துகள்களும் மிகுதியாகக் கிளம்புகின்றன. இரும்புக் கல்லை வெறுமனே நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்து, வெங்காயத்தால் தேய்த்துவிட்டு மாவு ஊற்றுவது நம் பழக்கம். இரும்பு அதைத் தாங்கும். நான்-ஸ்டிக் கல்லைப் பெரிய பர்னரில் அப்படி விட்டால், சில நிமிடங்களிலேயே எல்லை கடந்துவிடும்.

பறவைகளுக்குத்தான் இது எமன். அவற்றின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடுகிறது. பறப்பதற்கு உதவும் அந்த அமைப்பே நஞ்சையும் விரைவாக உள்வாங்குகிறது. நுரையீரலில் நீரும் இரத்தமும் கசிய, நன்றாக இருந்த குருவி மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் விழுந்துவிடலாம். வேலூர் வெயிலில் இப்படி ஒரு பறவை செத்தால் 'வெக்கை தாங்கவில்லை' என்றுதான் சொல்வோம். அடுப்பை யாரும் நினைப்பதில்லை என்பதே என் வருத்தம்.

மனிதர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உரிந்த பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் வெளியேறிவிடும். அதற்குப் பயப்படுகிற அளவுக்குப் புகைக்கு நாம் பயப்படுவதில்லை.

பறவை வளர்ப்பவர்கள் இரும்புக் கல்லுக்கே திரும்பிவிடுவது நல்லது என்பேன். முடியாதவர்கள் எண்ணெய் தடவிய பிறகே அடுப்பைப் பற்றவைத்து, தீயை மிதமாக வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கூண்டைச் சமையலறைக் காற்று எட்டாத அறைக்கு மாற்றட்டும். கல் தீய்ந்துபோய்ப் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அடுப்பை அணைத்த கையோடு கூண்டை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில இஸ்திரிப் பெட்டிகளின் அடித்தட்டிலும் இதே பூச்சு உண்டு.