புழு செத்தது, ஐஎல்-4 ஏன் இறங்கவில்லை?

சிஸ்டோசோமா மான்சோனி என்ற ஒட்டுண்ணிப் புழு தொற்றிய சுண்டெலிக்குப் புழுக்கொல்லி மருந்தான பிராசிக்வாண்டல் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து சைட்டோகைன்களை (நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதச் சமிக்ஞைகளை) அளந்தால், அவற்றில் ஒன்றான ஐஎல்-4 பெரும்பாலும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியிருக்காது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் உடனே மருந்தைச் சந்தேகிப்பார்கள். மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். அது கொல்வது புழுவை; கல்லீரலில் ஏற்கெனவே சிக்கிய முட்டைகள் அங்கேயே கிடக்கும். ஐஎல்-4ஐச் சுரக்கவைக்கும் டிஎச்2 வகை நோயெதிர்ப்பு எதிர்வினையைக் கிளப்புவது முக்கியமாக முட்டைதான். போதாக்குறைக்கு, மருந்து பட்ட புழுவின் மேல்தோல் சிதைந்து, மறைந்திருந்த ஆன்டிஜென்களும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்களும்) வெளியே வரும். அதனால் ஒரே ஒரு நாள் அளவீட்டை நம்பி எதையும் எழுதக் கூடாது.

மருந்து கொடுக்கும் நாளும் முக்கியம். தொற்றி 3, 4 வாரமான இளம்புழு பிராசிக்வாண்டலுக்கு அசையாது. முட்டையிடல் தொடங்குவது ஏறக்குறைய 5ஆம் வாரம், டிஎச்2 உச்சம் 8ஆம் வாரம். எந்தப் பக்கம் நின்று மருந்து கொடுக்கிறோமோ, கேள்வியே மாறிவிடும்.

வாய்வழி ஊட்டலில்தான் அதிகம் கெடுகிறது. கிலோவுக்கு 400 மி.கி. என்றால் 20 கிராம் எலிக்கு 8 மி.கி.; 0.2 மி.லி.யில் அது போக வேண்டுமானால் மி.லி.க்கு 40 மி.கி. கலவை தேவை. பிராசிக்வாண்டல் தண்ணீரில் சரியாகக் கரையாது. கரைய உதவும் கிரெமஃபாரில் கலக்கினாலும் பொடி மெல்ல அடியில் படியும். மேலிருந்து உறிஞ்சினால் முதல் கூண்டுக்குத் தெளிந்த நீர், கடைசிக் கூண்டுக்குக் குழம்பு! ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே சிரிஞ்சில் எடுக்க வேண்டும். ஒரு கூண்டு முழுவதையும் ஒரே குழுவாக வைக்கவும் கூடாது.

தொற்றில்லாத எலிக்கும் மருந்து கொடுத்த குழு ஒன்று கட்டாயம். செலவைக் காட்டி பலர் இதைத்தான் வெட்டுகிறார்கள். அது இல்லையென்றால், மாற்றம் மருந்தால் வந்ததா, புழு செத்ததால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை.

மண்ணீரல் செல்களை முட்டை ஆன்டிஜெனோடு 72 மணி நேரம் வளர்த்து, சைட்டோகைன் அளவைக் காட்டும் எலைசா சோதனை செய்யும்போது இரண்டு பொறிகள் உண்டு. வெளிவந்த ஐஎல்-4ஐ செல்களே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அதே டிஎச்2 வகையைச் சேர்ந்த ஐஎல்-5, ஐஎல்-13 இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆன்டிஜெனில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கலந்திருந்தால் ஐஎல்-10, டிஎன்எஃப் என்ற வேறு சைட்டோகைன்கள் வீணாக ஏறும்.

அதே எலியில் போர்ட்டல் நாளம் வழியே கழுவி புழுவை எண்ணுங்கள். கல்லீரல் துண்டை எடைபோட்டு, 4% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரியில் இரவு முழுக்கக் கரைத்து முட்டையையும் எண்ணுங்கள். மருந்துக் குழுவில் ஒரு எலிக்கு மட்டும் உயிருள்ள புழு நிறைய இருந்தால், அதன் சைட்டோகைனை விளக்க முனைவதற்கு முன் ஊட்டல் பதிவேட்டைத் திருப்பிப் பாருங்கள்.