அச்சை விட்டு வெளியே வராத புரதம்

ஜெல்லை மூன்றாவது முறை கழுவிவிட்டு, கழுவிய நீரைப் புரதம் உறிஞ்சும் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்தேன். அதில் இன்னமும் லைசோசைம் என்ற முட்டை வெள்ளைக்கருப் புரதம் வந்துகொண்டிருந்தது. ஜெல்லுக்குள் சிக்கிய புரதத்தை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் என்னை அதிகம் படுத்துகிறது.

புரதத்தைச் சுற்றி அக்ரிலமைடு போன்ற சிறு மூலக்கூறுகளை (மோனோமர்களை) சேர்த்து, அவை சங்கிலியாக இணைந்த பாலிமர் ஜெல்லாக இறுக்குகிறோம். பிறகு புரதத்தை உருவிவிட்டால் அதன் வடிவத்தில் குழி மிஞ்சும். அதே புரதம் மறுபடி வந்தால் அங்கே போய் உட்கார வேண்டும். சிறு மூலக்கூறுகளுக்கு இதை 1972-லேயே ஜெர்மன் வேதியியலாளர் குந்தர் வுல்ஃப் செய்து காட்டிவிட்டார். 129 அமினோ அமிலங்கள் கொண்ட லைசோசைம் அவ்வளவு லேசில் படியாது. உருவம் பெரிது. கரிமக் கரைப்பானில் குலைந்துவிடும். தண்ணீரில் செய்தாலோ, புரதத்தையும் பாலிமரையும் சேர்த்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தண்ணீரே போட்டிக்கு வந்துவிடுகிறது.

புரதம் சேர்க்காத வெற்று ஜெல்லையும் கூடவே சோதிப்பேன். லைசோசைம் நேர்மின் சுமை கொண்டது, எதிர்மின் சுமையுள்ள பாலிமர் எதிலும் ஒட்டிக்கொள்ளும். வெற்று ஜெல்லும் அதே அளவு பிடித்தால் அது அடையாளம் காண்பதல்ல, வெறும் ஒட்டல். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

அடுத்த வாரம் முழுப் புரதத்தை விட்டுவிட்டு, அதன் வெளிப்பரப்பில் தெரியும் சிறு பெப்டைடுத் துண்டை (சில அமினோ அமிலங்கள் கோத்த துண்டை) மட்டும் அச்சாக வைத்துப் பார்க்கப் போகிறேன்.