உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தும் நின்றுபோன ஓய்வூதியம்

மே மாதம் பத்தாந் திகதி கடந்து மூன்று நாட்களாகியும் ஓய்வுபெற்ற ஆசிரியையான என் கணக்குக்கு ஓய்வூதியம் வந்து சேரவில்லை. வங்கியில் ஏதோ தாமதம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் பக்கத்து வளவில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு உரிய நாளிலேயே பணம் வந்துவிட்டது என்று அறிந்ததும், பிழை என்னுடைய ஆவணக் கோவையில்தான் என்பது விளங்கிவிட்டது. இரண்டு மாத அலைச்சலின் பின் ஜூலையில் நிலுவையோடு பணம் கிடைத்துவிட்டது என்றாலும் மனம் இன்னும் ஆறவில்லை. இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் மற்ற ஓய்வூதியர்களுக்கு இது நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் உயிர்வாழ் சான்றிதழைக் கிராம அலுவலரான விதானையாரிடம் உறுதிப்படுத்தி, மார்ச் 31 இற்கு முன் பிரதேச செயலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் பெப்ரவரி இரண்டாம் வாரமே அதைச் செய்துவிட்டேன். விதானையார் என்னிடம் படித்த பிள்ளை என்பதால் ஒப்பமும் முத்திரையும் ஒரே நாளில் கிடைத்தன. கருமபீடத்தில் இருந்தவர் தாளை வாங்கி ஓர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "சரி அம்மா, நீங்கள் போகலாம்" என்றார். நானும் எழுந்து வந்துவிட்டேன். கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்படி நான் கேட்கவில்லை. பின்னால் வந்த அலைச்சல் அத்தனைக்கும் அதுதான் காரணம்.

எங்கள் குளத்தடிக் கிராமத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போவதென்றால் காலையில் வரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிப்பதற்கு விடியும் முன்னரே, யானை நடமாட்டமுள்ள காட்டோர வீதியில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். அப்படிப் போய் நின்ற என்னிடம், "இந்த வருசம் நீங்கள் சான்றிதழ் தரேல்லையே அம்மா" என்று கணினியைப் பார்த்தபடியே சொன்னார் அந்த உத்தியோகத்தர். தந்தேன் என்றேன். "தந்ததுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்டார். நான் உயிரோடு அவர் முன்னால் நிற்கிறேன். அவரோ என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. 1980 முதல் 2016 வரை கணிதம் படிப்பித்தவள் நான். 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியபோது உடுத்த உடையோடு நான் கொண்டுவந்தது, பொலித்தீன் பையில் சுற்றிய என் நியமனக் கடிதத்தையும் சம்பள ஏற்றக் கடிதங்களையும் மட்டுமே. மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்த இரவுகளிலும் அந்தப் பையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன். அப்படிப் பேணிக் காத்த ஓய்வூதியத்தை ஒரு தாளுக்காக நிறுத்திவிட்டார்களே என்ற வேதனையை நான் எப்படிச் சொல்வது?

இரண்டாவது முறை போனபோது அந்த விடயத்துக்குப் பொறுப்பானவர் பயிற்சிக்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போயிருந்தார். அவருடைய அலுமாரியை வேறு எவரும் திறக்க மாட்டார்களாம். அந்த நாள் முழுவதும் வீணாயிற்று. புதிய சான்றிதழ் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள் என்பதால் விதானையாரிடம் போனால், பழையவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட, இரண்டு பிரிவுகளுக்குப் பதில் கடமை பார்க்கும் ஒருவர் இருந்தார். என்னைத் தனக்குத் தெரியாது, வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் ஒப்பமிடுவேன் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாத ஒருவரை உயிரோடு இருக்கிறார் என்று உறுதிப்படுத்துவது அவருக்கும் பொறுப்பான காரியம்தான். ஆனால் அதற்கும் ஒரு கிழமை போயிற்று.

இதற்கிடையில் கடன் கழுத்தை நெரித்தது. போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில் தந்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவில் சுவரும் கூரையும் முடிந்தன. பூச்சு வேலைக்கும் கிணற்றுக்கும் ஓய்வூதியத்தைக் காட்டியே பின்னர் வங்கியில் கடன் எடுத்திருந்தேன். மாதத் தவணை 9,500 ரூபா. கணக்கில் பணம் இல்லாததால் இரண்டு தவணைகள் தவறித் தண்ட வட்டியும் ஏறியது. இரத்த அழுத்தக் குளிசைகளுக்குக் கடையில் கடன் சொல்லி நின்ற நாளை நான் மறக்கமாட்டேன்.

நான்காவது பயணத்தில் கருமபீடத்தோடு நிற்காமல் நிர்வாக உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். அந்த அம்மையார் என்னை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டு, பெப்ரவரியில் வந்த தாள்களை எல்லாம் கொண்டுவரச் செய்தார். அரை மணித்தியாலத்தில், இலக்கம் பொருந்தவில்லை என்று ஒதுக்கிக் கட்டிவைத்த ஒரு கட்டினுள் என் சான்றிதழ் கிடைத்தது. விதானையாரின் ஒப்பமும் பெப்ரவரித் திகதியும் அப்படியே இருந்தன. கோவையில் என் பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கமும் "வி" எழுத்தும் இருக்க, அட்டை தேய்ந்து போனதால் மாற்றியெடுத்த புதிய அட்டையின் பன்னிரண்டு இலக்கத்தை நான் சான்றிதழில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒருவருடையதுதான் என்று அங்கு எவரும் பார்க்கவில்லை.

உடனே ஒரு தாளை வாங்கி எழுதிக் காட்டினேன். பழைய இலக்கத்தின் முன்னால் 19 ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் அப்படியே வரும். ஆண்டையடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கருமபீடத்து உத்தியோகத்தர் தன் அலைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, முதற்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்து, "ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அன்று அவர் ரீச்சர் என்று கூப்பிட்டது எனக்குப் போதுமாயிருந்தது. அன்றே பதிவு செய்துவிட்டார்கள். ஜூலைக் கொடுப்பனவோடு மே, ஜூன் நிலுவையும் வந்து சேர்ந்தது.

புதிய அடையாள அட்டை எடுத்தவர்கள் சான்றிதழில் பழைய, புதிய இரு இலக்கங்களையும் எழுதுங்கள். ஓய்வூதிய இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். அட்டை மாறிய செய்தியைப் பிரதேச செயலகத்துக்குக் கடிதமாகவும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதிகள் கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். கொடுத்த தாளைப் பிள்ளைகளின் அலைபேசியில் படமெடுத்தும் வைத்திருங்கள். பஸ்ஸேறும் முன், பொறுப்பான உத்தியோகத்தர் அன்று இருப்பாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் காரியம் நகரவில்லையென்றால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்; இதை எனக்கு எவரும் முன்னரே சொல்லவில்லை.

தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்யுமாறு வங்கிக்கு, பிரதேச செயலகம் தந்த கடிதத்தையும் இணைத்து எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கடைக்காரருக்குக் கடனைத் தீர்த்த அன்றே தபாலதிபர் வீட்டுக்குப் போய், அவர் வைத்திருந்த பழைய சான்றிதழ்ப் பிரதியைப் பார்த்தேன். அவரும் அட்டை மாற்றியவர்தான். கோவையில் பழைய இலக்கமே இருக்கிறது. வருகிற தை மாதம் இருவருமாக ஒரே பஸ்ஸில் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.