ரிசர்வாயர் ஹில்ஸ் கராஜில் தூங்கிய 500 எஸ்இசி: வாங்கியது முதல் ரோட்டுக்கு வந்தது வரை

பழைய மெர்சிடிஸ் கூபே, அதாவது இரண்டு கதவுக் கார், வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "இன்ஜின் ஓடுமா?" என்றுதான். அதை விட்டுவிட்டு, வண்டியில் எல்லாச் சாமானும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் வேலை தெரிந்த பெரியவர்கள் டர்பனில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஜன்னல் ஓரத்துக் குரோம் பட்டை ஒன்று காணாமல் போயிருந்தால், டாஷ்போர்டு மரப்பலகையில் ஒரு துண்டு இல்லையென்றால், அதைத் தேடி அலைவதற்குள் ஆசையே விட்டுப்போகும். அழுக்காக இருக்கட்டும், ஓடாமல் இருக்கட்டும், எலி கூடு கட்டியிருக்கட்டும், முழுசாக இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு.

நான் வாங்கியது 1983 மாடல் 500 எஸ்இசி. இந்த வரிசை கூபே 1981-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1991 வரை வந்தது. வடிவமைப்பு மெர்சிடிஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ காலத்தது. நாலு கதவு வண்டியைவிடச் சக்கர இடைவெளி 85 மில்லிமீட்டர் குறைவு, நடுத்தூண் கிடையாது, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். அந்த அழகுக்காகத்தான் நான் விழுந்தேன். ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், 231 குதிரைத்திறன். நாலு கதவு வண்டி எட்டு லட்சத்துக்கு மேல் வந்தது, கூபே மொத்தமே 74,060 தான். தென்னாப்பிரிக்காவில் இந்த வரிசை என்றாலே, 1990-இல் ஈஸ்ட் லண்டன் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மண்டேலாவுக்காகக் கட்டிக் கொடுத்த சிவப்பு 500 எஸ்இதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அது நாலு கதவு. இரண்டு கதவை ரோட்டில் பார்ப்பதே அபூர்வம்.

வண்டி ஒரு டாக்டருடையது. அவர் காலமான பிறகு டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டுக் கராஜில் பல வருடம் அப்படியே நின்றிருந்தது. விலை பேசும் முன் காகிதத்தைப் பார்த்தேன், ஏனென்றால் பதிவு இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. இந்த நிலையில் மனைவியோ மகனோ சும்மா கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் நியமனக் கடிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விற்க வேண்டும். "ஆன்ட்டி, அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்க, நான் காத்திருக்கேன்" என்றேன் டாக்டரின் மனைவியிடம். அலமாரியில் டாக்டர் சேர்த்து வைத்திருந்த சர்வீஸ் புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்தார். சாஸி எண்ணில் 126044 என்று வந்தால்தான் அது உண்மையான 500 எஸ்இசி. அதையும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசினோம். வாங்கினால் 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிவு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், வண்டி லைசென்ஸ் கட்டணப் பாக்கியும் அபராதமும் சேர்ந்து கிடக்கும் என்பதையும் மனதில் வைத்து விலை சொல்லுங்கள்.

டர்பனில் பழைய வண்டி பார்க்கப் போனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தை மறக்கக் கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஸ்டெப்னி குழியில் சேறு காய்ந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன், சீட் போல்ட்டுகளில் துருவைத் தேடினேன். ஒன்றும் இல்லை, வீடு மேட்டில் இருந்தது. துரு இருந்தது வேறு இடத்தில். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில் ரப்பருக்கு அடியில் தண்ணீர் தங்கி உலோகத்தைத் தின்னும், அது டிக்கிக்குள் வழியும். கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் இடத்தில் அதைவிட மோசம். பலகை வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கையை விட்டால் செதில் செதிலாகக் கொட்டும். கடற்காற்று உப்பு அப்படி. விற்கிறவர் சம்மதித்தால் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆன்ட்டியின் மகன் நல்ல பையன், என் பக்கி (பிக்அப் வண்டி) பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்றான். "வேண்டாம் தம்பி" என்று தடுத்துவிட்டேன். பல வருடம் நின்ற வண்டியில் டாங்கிலிருக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும், ஆயில் எல்லாம் கீழே இறங்கி மேலே உலோகம் காய்ந்து கிடக்கும், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் செயின் என்ன நிலையில் இருக்கிறதோ தெரியாது. ஓடிவிட்டால் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான், அதில் உடைவது இன்ஜினாக இருக்கும். படுக்கை லாரி வரவழைத்து, கிளேர்வுட் பக்கம் ஒரு பெரியவரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிச் சென்றோம். மெர்சிடிஸ் வேலையிலேயே முடி நரைத்தவர், எல்லோருக்கும் அங்கிள்.

அங்கிள் முதலில் கை வைத்தது பெட்ரோல் லைனில். டாங்கை வடித்தால் வந்தது பெட்ரோலா வார்னிஷா என்று சொல்ல முடியாது. டாங்கின் உள் வடிகட்டி, பம்ப், ஃபில்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றினோம். இந்த வண்டியில் இருப்பது பாஷின் கே-ஜெட்ரானிக், பெட்ரோலை அளந்து கொடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்வதில்லை, இயந்திரமே செய்கிறது. காற்று ஒரு தட்டை அசைக்கும், தட்டு ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன உருளையை மேலேற்றும். அந்த உருளை பிசினில் ஒட்டிக்கொண்டால் வி8-ஆவது, ஒன்றாவது, எதுவும் ஓடாது. அங்கிள் அதை வெளியே எடுத்து, எமரி பேப்பர் பக்கமே கொண்டு போகாமல், கிளீனரில் ஊற வைத்துத் துணியால் மட்டும் துடைத்தார். ஒரு கீறல் விழுந்தாலும் முழு டிஸ்ட்ரிபியூட்டரும் குப்பை. துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். யாரும் தள்ளாமல், தன் கனத்திலேயே மெல்ல வழுக்கி இறங்கியபோதுதான் "சரி, இப்போ பூட்டலாம்" என்றார்.

அப்புறம் செயின். இந்த இன்ஜினில் டைமிங் செயின் ஓடும் பாதையில் பிளாஸ்டிக் தண்டவாளங்கள் இருக்கின்றன. வயசானால் பிஸ்கட் பதத்துக்கு வந்து உடையும், துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் செயின் பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். எங்கள் வண்டியில் மேல் தண்டவாளம் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. புதுச் செயின் போட இன்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. பழைய செயினில் ஒரு கண்ணியை வெட்டி, அதன் முனையில் புதுசைக் கோர்த்து, கிராங்க்கைக் கையால் திருப்பத் திருப்பப் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும், பாவாடைக்கு நாடா மாற்றுவது மாதிரி. வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் இரண்டு பக்கச் சக்கரத்திலும் செயின் தளராமல் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வேலை எனக்கு. கேம்ஷாஃப்டுக்கு ஆயில் தெளிக்கும் குழாயில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இணைப்புகள் உண்டு. அற்ப விலை. அது கழன்றால் கேம் காய்ந்து தேயும். அவற்றையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள், மறக்காதீர்கள்.

பிரேக் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, கேலிப்பர், ஹோஸ், ஃபுளூயிட் எதையும் மிச்சம் வைக்காமல் மாற்றிவிடுங்கள்.

பாடி வேலை ஜேக்கப்ஸ் பகுதியில் தகடு வேலை செய்யும் ஒரு பானல் பீட்டரிடம். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த சமயம், மின்சாரம் எப்போது போகும் என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் வெல்டிங்கும் ஸ்பிரேயும் நடந்தன. டர்பன் ஈரக் காற்றில் துருவைச் சுரண்டிய தகட்டை ராத்திரி முழுக்க வெறுமனே விட்டால் காலையில் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும், அதனால் அன்றன்று வெட்டிய இடத்துக்கு அன்றன்றே எபாக்சி பிரைமர் என்று கறாராகச் சொல்லியிருந்தேன், அவரும் அப்படியே செய்தார். புட்டி பூசி மூடுகிறேன் என்று சொல்லும் ஆளிடம் கொடுக்காதீர்கள், இரண்டு மழைக்காலம் தாங்காது.

இவ்வளவு கவனமாக இருந்தும் குரோம் பூசக் கொடுத்த இடத்தில் ஜன்னல் பட்டை ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள். காசைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள், காசை வைத்து என்ன செய்ய? மெர்சிடிஸ் கிளாசிக் பிரிவு பழைய வண்டிகளுக்கு இன்னும் நிறைய உதிரி பாகம் தருகிறது, சாஸி எண்ணைச் சொன்னால் பாக எண் எடுத்துவிடலாம். ஆனால் நான் கேட்ட பட்டை கையிருப்பில் இல்லை. கடைசியில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பின்னால் இடி வாங்கி நின்ற ஒரு எஸ்இசியிலிருந்து கழற்றி வாங்கினேன், அந்த ஒரு பட்டைக்குக் கொடுத்த பணத்தில் முழுச் செயின் வேலையும் முடிந்திருக்கும். இப்போது எதையாவது வெளியே கொடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் சீட்டு கட்டி, போட்டோ எடுத்து, அவர்கள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறேன்.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் பிரேக், விளக்கு, டயர், சீட் பெல்ட், ஆயில் ஒழுகல் எல்லாம் பார்த்தார்கள், தேறிவிட்டது. அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும் என்பதால் மற்ற காகிதங்களைத் தயாராக வைத்துக்கொண்டு சோதனைக்குப் போவது நல்லது. உம்கேனி ரோட்டுக் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய கையோடு, அங்கிளைப் பக்கத்தில் உட்கார வைத்து என்3 நெடுஞ்சாலையில் மாரிட்ஸ்பர்க் பக்கம் விட்டேன். கீ ரிட்ஜ் ஏற்றத்தில் லாரிகள் எல்லாம் திணற, வெப்ப முள் நகரவே இல்லை. "இனி பயமில்லடா, மிதி" என்றார் அங்கிள்.

ஏசி இன்னும் பாக்கி. பழைய ஆர்12 வாயு போய், ஆர்134ஏ-க்கு மாற்ற சீல், டிரையர் எல்லாம் புதுசு போட வேண்டும், வெயிலுக்கு முன் முடித்துவிடுவேன். இடப்பக்கத்து சீட் பெல்ட் நீட்டும் கை மட்டும் வேலை செய்யவில்லை, உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் யாரிடமாவது இந்த வரிசைக் கூபேயின் பெல்ட் கை, உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.