ஆடிக்காற்றில் நிற்காத விறகு

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் இரண்டு டன் விறகு வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு ஐப்பசியும் கார்த்திகையும் நாங்கள் பட்ட பாடு இன்னும் மனசில் ஆறவில்லை.

எங்கள் தோட்டம் வெள்ளகோவில் பக்கம். சமையலுக்கு கேஸ் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு மூட்டுவலி. மழை, குளிர் என்றால் காலையும் சாயங்காலமும் அண்டா நிறையச் சுடுதண்ணீர் வேண்டும். தென்னைமட்டையும் பாளையும் பற்றவைக்கத்தான் ஆகும், நின்று எரியாது.

விற்றவர் "வெட்டி மூணு மாசமாச்சுங்க" என்றார். மேலே கிடந்ததைத் தட்டிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. எடைமேடையில் ஏற்றிப் பணமும் கொடுத்து, களத்தில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அடியில் இருந்ததெல்லாம் பச்சைச் சீமைக்கருவேலம். பட்டையை நகத்தால் கீறினால் ஈரம் கையில் ஒட்டியது. மறுநாளே திரும்பப் போய்க் கேட்டேன். "வெறகுன்னா ஈரம் இருக்கத்தானுங்க செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு எடை போடப் போய்விட்டார். அரை நாள் வீண்.

எடைக்கு வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஈர விறகில் பாதிக் காசு தண்ணீருக்குப் போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவா என்று பார்க்க, ஒரு கட்டையில் சுண்ணாம்பால் குறி போட்டுத் தொங்கு தராசில் நிறுத்தேன். 12 கிலோ. மாசியில் அதே கட்டை எட்டரை.

தப்பு என் பக்கமும் உண்டு. பிளக்காமல் உருட்டுக் கட்டையாகவே, வெறும் மண் தரையில் அடுக்கிவிட்டேன். தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடிச் சுற்றிலும் கல்லும் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்துப் பாயைத் தூக்கினால் புழுங்கின வாடை, கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், அடிவரிசை முழுக்கக் கரையான் மண். அடுப்பில் வைத்தால் இந்தப் பக்கம் தீ, அந்தப் பக்க நுனியில் சொய்யென்று நுரை தள்ளும். கொஞ்ச நேரத்தில் தீயும் அணைந்து புகை மட்டும் மிஞ்சும். ஊதி ஊதி அம்மாவுக்கு இருமல் பிடித்து, ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆடிக்காத்துல நிக்காத வெறகு எப்படி கண்ணு எரியும்?" என்றார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற மேல்காற்று நம் பக்கம் பெரிதாக மழை தராது. ஆனால் துணி போட்டால் அரை மணியில் காயும். தாராபுரம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். புரட்டாசியில் வாங்கின நான் அதை முழுசாகத் தவறவிட்டிருந்தேன்.

இந்த வருஷம் மாசியிலேயே ஆரம்பித்தோம். கொறங்காட்டில் (மாடு மேய்க்க விட்ட நிலம்) சாய்ந்து கிடந்த வெள்வேல மரம் ஒன்று, வீட்டோரப் புளியில் கழித்த கிளைகள். மெஷின் வைத்து அறுத்தது ஒரு நாள் வேலை. பிளப்பதுதான் பெரும்பாடு, புளியங்கவட்டையில் ஆப்பு இறங்கவே இல்லை. அது அப்படியே கிடக்கிறது. கல் வைத்து, அதன்மேல் இரண்டு பழைய பனஞ்சட்டத்தைக் கிடத்தி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்கினோம். சுவரை ஒட்டவில்லை, ஒரு முழம் தள்ளித்தான். மேலே மட்டும் தகரம். பக்கமெல்லாம் திறந்தபடி, காற்று உள்ளே புகுந்து போகும்படி விட்டோம்.

ஆவணியில் கட்டை நுனிகளில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. இரண்டை எடுத்து மோதினேன், டங்கென்றது. பச்சைக் கட்டை என்றால் பொத்தென்றுதான் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க அம்மாவையும் கூப்பிட்டேன்.

ஒன்று முக்கியம். அடுக்குக்குள் கையை விட்டு உருவாதீர்கள். மழை ஆரம்பித்தால் தேளும் கட்டுவிரியனும் ஒதுங்குகிற இடம் அதுதான். போன கார்த்திகையில் அம்மா கை வைக்கப் போன கட்டையில் தேள் ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு ஓரத்திலிருந்து மேல்கட்டையாக எடுத்து வாருங்கள். நடுவில் உருவினால் அடுக்கும் சரியும்.

போன வாரம் அந்த விறகுக்காரர் போன் செய்து, லோடு வேணுமா என்று கேட்டார். மாசியில் பேசுகிறேன், பிளந்து போட்டு நான் பார்த்த பிறகுதான் எடைமேடை என்று சொல்லியிருக்கிறேன்.