மஞ்சள், நீலம், சிவப்பு

14 ஜனவரி 2024, ஞாயிறு

போகி. விடிவதற்கு முன்பே தெருவில் மேளச் சத்தம், புகை. எங்கள் வீட்டில் எதையும் கொளுத்துவதில்லை. பழைய பேப்பர்காரருக்கு என்று ஒரு குவியல் சேரும், அவ்வளவுதான். இந்த வருடம் அந்தக் குவியலின் உச்சியில் என் டிவிடி பிளேயர் உட்கார்ந்திருந்தது. துடைத்து மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்தேன். "அதுல போட்டுப் பாக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

பதில் மாலையில் வந்தது. பொங்கலுக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த மச்சினன், சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சுற்றி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்திருந்தான். ஸ்டார் டிரெக், அறுபதுகளில் வந்த அமெரிக்க விண்வெளித் தொடர், முதல் சீசன். 29 எபிசோடு, 8 டிஸ்க், 2004இல் வந்த பதிப்பு. "அத்தான், இதெல்லாம் இப்ப போன்லயே வருது. எதுக்கு இந்தக் கனம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முறுக்கு எடுக்கப் போய்விட்டான்.

நீலப் பெட்டி (இரண்டாம் சீசன்) போன வருடமே கிடைத்துவிட்டது. முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்று பிரிக்காமலே வைத்திருக்கிறேன். சிவப்பு (மூன்றாம் சீசன்) மட்டும் பாக்கி.

21 ஜனவரி, ஞாயிறு

நேற்று ஆரம்பித்தோம். சராசரியாக நாளுக்கு ஒன்று என்று கணக்கு. பெட்டியின் பின்னால் சின்ன உலக உருண்டைக்குள் 1 என்று போட்டிருக்கிறது. அது அமெரிக்கா, கனடாவுக்கான எண், நமக்கு 5. ஆனால் நம்மூர் பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் நாலு எண்ணைத் தட்டினால் அந்தப் பூட்டு திறந்துவிடும். எண் எழுதிய துண்டுச் சீட்டைப் பிளேயரின் அடியில் ஒட்டி வைத்திருந்தேன். நல்லவேளை, போகியில் போகவில்லை.

முதல் தகராறு வரிசையில். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசி முதலில் ஒளிபரப்பியது 'தி மேன் ட்ராப்'. ஆனால் முதலில் எடுக்கப்பட்டது அது இல்லை. இரண்டாவது பைலட்டாக (தொடருக்கு முன் எடுக்கும் மாதிரிக் கதை) எடுத்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' மூன்றாவது வாரம்தான் வந்தது. பெட்டி ஒளிபரப்பு வரிசையில் இருக்கிறது. அப்படியே பார்த்தால் இரண்டு வாரம் இருந்த கப்பல் டாக்டர் மெக்காய் மூன்றாவதில் காணாமல் போய், வேறு ஒரு வயதான டாக்டர் நிற்கிறார். சட்டைக் காலர் மாறியிருக்கிறது. கப்பலின் கேப்டன் கிர்க்கின் பெயரைக் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் டி. என்பதற்குப் பதில் ஜேம்ஸ் ஆர். என்று எழுதியிருக்கிறார்கள். மகள் கேட்டாள்: "இது ஃப்ளாஷ்பேக்காப்பா?" இல்லை கண்ணு, டிவிக்காரர்கள் பூதம் வருகிற கதையை முதலில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பூதம் உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சிக் கொல்லும். படப்பிடிப்புக்காக விதவிதமான உப்புக் குப்பிகள் வாங்கினார்களாம். எல்லாம் விசித்திரமான வடிவமாக இருந்ததால், பார்ப்பவர்களுக்கு உப்புக் குப்பி என்றே தெரியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். வீணாக்கவில்லை. மெக்காய் கையில் மருத்துவக் கருவியாகச் சுழல்வது அந்தக் குப்பிகள்தான். இது தெரிந்த பிறகு அவர் யாருக்காவது வைத்தியம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெள்ளரிக்காய் ஞாபகம் வருகிறது.

30 ஜனவரி, செவ்வாய்

'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. இரண்டு கப்பல் கேப்டன்கள், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்காமலே கணக்குப் போட்டு மோதுகிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிய மாதிரி. எதிரிக் கேப்டனாக வரும் மார்க் லெனார்ட், அடுத்த சீசனில் கிர்க்கின் கூர்க்காது உதவிக் கேப்டன் ஸ்பாக்கின் அப்பாவாக வருவார். சின்ன வயதில் இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்து, அப்பாவும் மகனும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று ரொம்ப நாள் குழம்பினேன்.

அந்தச் சின்ன வயது பற்றிச் சொல்லவேண்டும். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை இது வந்தது. மாம்பலத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமிக்கு ஒரு சாலிடேர் பெட்டி, கறுப்பு வெள்ளை, கதவு வைத்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் தரையில். இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. மாமியின் மூத்த மகன் மொழிபெயர்ப்பார். ஸ்பாக்குக்குக் காதில் ஆபரேஷன் என்று அவர் சொன்னதை நான் பத்தாவது படிக்கும்வரை நம்பினேன். அந்தப் பெட்டியின் திரைமேல் கலர் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் கடையில் விற்ற பிளாஸ்டிக் தாள்: மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வானமும் புல்லும் வந்தால் சரியாக இருக்கும். கேப்டன் கிர்க் வந்தால் தலை நீலம், வயிறு ஆரஞ்சு, கால் பச்சை.

ஆகவே யார் என்ன நிறச் சட்டை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. சிவப்புச் சட்டைக்காரன் கிரகத்தில் இறங்கினால் செத்தான் என்று உலகமே சிரிக்கிற ஜோக் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எங்களுக்கு எல்லாரும் ஒரே சாம்பல். யார் சாவார் என்று கடைசிவரை தெரியாது. பயந்து பார்த்தோம்.

மகளுக்கு அந்தப் பயம் இல்லை. "சிவப்பு வந்துட்டான்ப்பா, காலி" என்று முன்கூட்டியே இரங்கல் தெரிவித்துவிடுகிறாள். முதல் சீசனில் மற்ற நிறங்களும் சாகின்றன என்பதால் பாதி நேரம் அவள் கணிப்பு பொய்க்கிறது. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

2 பிப்ரவரி, வெள்ளி

நிறம் பற்றி இன்னொன்று. கிர்க்கின் மஞ்சள் சட்டை மஞ்சளே இல்லை. உடை வடிவமைத்த வில்லியம் வேர் தைஸ் கொடுத்தது ஒருவித இளம்பச்சை. அந்த வெலூர் துணி (வேலூர் இல்லை, வெல்வெட்டின் தம்பி) படப்பிடிப்பு விளக்கில் ஃபிலிமில் மஞ்சளாக விழுந்தது. ஆக, கலர் டிவி வைத்திருந்த அமெரிக்காக்காரர்களும் சரியான நிறத்தைப் பார்க்கவில்லை. மாமி வீட்டுத் தாளைப் பற்றி இனி யாரும் கேலி பேசக்கூடாது.

11 பிப்ரவரி, ஞாயிறு

'ஸ்பேஸ் சீட்'. கான் நூனியன் சிங் வருகிற கதை. உறைந்து கிடக்கும் அவனைப் பார்த்ததும் கப்பலின் வரலாற்று அதிகாரி, வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்கிறாள். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான். தாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. அவளுடைய ஓவியத்தில் மட்டும் தலைப்பாகை கட்டிக்கொள்கிறான். ஆனாலும் 1967இல் ஓர் அமெரிக்கத் தொடர், உலகிலேயே பலசாலியும் புத்திசாலியுமான வில்லனை நம் நாட்டிலிருந்து எடுத்திருக்கிறது. அதில் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

கதைப்படி அவன் 1992இலிருந்து 1996வரை உலகத்தில் கால்வாசிக்கு மேல் ஆண்டான், ஆசியா தொடங்கி மத்திய கிழக்குவரை. அந்த வருடங்களில் நான் கல்லூரியில் அரியர் எழுதிக்கொண்டிருந்தேன். எதுவும் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. ஹார்லன் எலிசன் எழுதி, அப்புறம் பலர் கை வைத்துத் திருத்தி, அதற்காக அவர் காலம் முழுக்கக் கோபமாக இருந்த கதை. கிர்க் காலத்தில் பின்னோக்கிப் போய்ச் சேர்கிற 1930 நியூயார்க். ஏழைகளுக்குச் சூப் ஊற்றுகிற ஈடித் கீலராக ஜோன் காலின்ஸ். அவள் பிழைத்தால் வரலாறு மாறி ஹிட்லர் ஜெயித்துவிடுவான். அவளைக் காதலிக்கிற கிர்க்கே அவள் சாவதைத் தடுக்காமல் நிற்கவேண்டும்.

இந்த ஒன்றை மட்டும் மனைவியும் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் நானும் மகளும் பேசாமல் இருந்தோம். மனைவிதான் கேட்டாள்: "நடுவுல ஒரு பிச்சைக்காரன் அந்தத் துப்பாக்கியை நோண்டி மறைஞ்சு போனானே, அவன் செத்ததுக்கு வரலாறு மாறலையா?"

நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தி பிழைத்தால் உலகம் புரளும்; ஒருத்தன் செத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கதையில் அவனுக்கு ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. கிர்க்கின் சோகம் போய் பால் பாட்டில் திருடிய அந்தப் பிச்சைக்காரன்தான் ராத்திரி முழுக்க மனசில் நின்றான்.

24 பிப்ரவரி, சனி

பிளேயரின் டிரே வெளியே வரவில்லை. உள்ளே முதல் சீசனின் எட்டாவது டிஸ்க். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு கடையில் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கமாட்டேன். ஐந்தாவதில் ஒரு பெரியவர் மூடியைக் கழற்றி, இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை எடுத்துக் காட்டினார். மாற்ற ஐந்து நிமிடம். "இதுக்குள்ள என்ன சார் படம்?" என்றார். சொன்னேன். "அந்தக் காது நீளமா இருப்பாரே, அவரா?" என்று கேட்டுக் கூலியில் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். டிஸ்க்கைக் கையில் கொடுக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொன்னார், வட்டமாகத் துடைத்தால் கோடு விழுந்து தரவே படிக்காதாம்.

10 மார்ச், ஞாயிறு

நீலப் பெட்டி வேகமாகக் கரைகிறது. 'அமோக் டைம்' கதையில்தான் ஸ்பாக் முதன்முதலாக விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து வணக்கம் சொல்கிறார். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் சிறுவனாக யூதர் கோயிலில் பார்த்த ஆசீர்வாத முத்திரை அது. நேற்று ரோமப் பந்து மாதிரிப் பிராணிகள் பெருகித் தள்ளுகிற 'ட்ரிபிள்ஸ்' கதை. மகள் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்தாள்.

மச்சினன் நியூ ஜெர்சியிலிருந்து மெசேஜ்: "ரீமாஸ்டர் பண்ணதைப் பாருங்க அத்தான், கண்ணாடி மாதிரி இருக்கு." எனக்குத் தெரியும். இதெல்லாம் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது, அதனால் திரும்பச் சுத்தம் செய்து எடுக்க முடிந்தது. 2006இல் அதோடு நிற்காமல் கப்பல், கிரகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்து மாற்றினார்கள். அந்த ரீமாஸ்டர் டிவிடிகளில் புதியது மட்டும். ப்ளூ-ரேயில் இரண்டும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிளேயர் வேறு வாங்கவேண்டும், வீட்டில் சொல்லவும் வேண்டும்.

என் 2004 பெட்டியில் பழைய எஃபெக்ட் அப்படியே இருக்கிறது. பதினோரு அடி நீள மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த கப்பல் ஒவ்வொரு வாரமும் அதே கோணத்தில் திரும்பும். ஆட்கள் கப்பலில் கரைந்து மறைந்து கிரகத்தில் தோன்றுகிற மினுமினுப்பு, வெளிச்சத்தில் அலுமினியத் தூளைக் கொட்டிப் படம்பிடித்தது. வாராவாரம் கப்பலைத் தரையிறக்கக் காசில்லை என்பதால் பிறந்ததுதான் அந்த யோசனையே. கம்ப்யூட்டர் கப்பல் அழகாக இருக்கிறது. ஆனால் அதை யாரும் தூக்கி வைக்கவில்லை.

24 மார்ச், ஞாயிறு

சிவப்புப் பெட்டி வந்துவிட்டது! இணையத்தில் பழசு விற்கும் ஒருவரிடமிருந்து. முழு செட், கீறல் இல்லை என்று உறுதி சொல்லியிருந்தார். ஏழு டிஸ்க் இருக்கவேண்டும். எண்ணினேன், ஆறு. ஏழாவது குழியில் யாருடைய கல்யாணமோ எழுதிய சிடி. கேட்டதற்கு, "கதை எல்லாம் இருக்குல்ல சார்" என்று ஒரு பதில், அப்புறம் பேச்சே இல்லை. கடைசி டிஸ்க்கில்தான் தொடரின் முதல் பைலட்டான 'தி கேஜ்' இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்ததே அதற்காக.

மூன்றாம் சீசன் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' என்ற கதையில் தொடங்குகிறது. ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை. ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதியே இந்த சீசனை வாங்கினார்கள். 1968 மார்ச் 1 அன்று என்பிசி ஒளிபரப்பிலேயே, தொடர் வரும், இனி எழுதவேண்டாம் என்று அறிவித்தது. பிறகு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டது. பட்ஜெட்டையும் வெட்டினார்கள். ஓரிரு கதைகளில் செட்டின் சுவர்கூட முழுதாக இல்லை. 1969 ஜூனில் முடிந்தது. மொத்தம் 79.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு 79ஆவதையும் பார்த்து முடித்தோம். கடைசிக் கதை சுமார்தான். வேப்பம்பூ நாக்கிலேயே இருந்தது.

ஒரு நல்ல செய்தி. பெங்களூரில் ஒரு சேகரிப்பாளர், நேரில் பார்த்ததில்லை, தன்னிடம் அந்த ஏழாவது டிஸ்க் இரண்டு இருக்கிறது என்கிறார். பெட்டிகள் வருவதற்கு முன்பு இரண்டிரண்டு கதையாக 40 தனி டிஸ்க்குகள் வந்தன. அதில் ஒன்று என்னிடம் உபரியாகக் கிடந்தது, அவருக்கு அதுதான் குறை. கூரியரில் போட்டேன்.

20 ஏப்ரல், சனி

வந்துவிட்டது. 'தி கேஜ்', 1965இல் முடித்த முதல் பைலட். கிர்க் இல்லை, கேப்டன் பைக். ஸ்பாக் ஒரு செடியைப் பார்த்துச் சிரிக்கிறார்! என்பிசி அறிவு கொஞ்சம் அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. 1966இல் அதன் காட்சிகளை வெட்டி 'தி மெனாஜரி' என்ற இரண்டு பாகக் கதைக்குள் வைத்தார்கள். அப்படி வெட்டியதில் மிச்சக் கலர் நெகட்டிவ் காணாமல் போயிற்று. தயாரிப்பாளர் ராடன்பெரியிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும் தங்கியது. 1986இல் இரண்டையும் ஒட்டி வீடியோவாக விட்டார்கள். மறு வருடம் கலர் கிடைத்துவிட்டது. டிஸ்க்கில் இரண்டு வடிவமும் இருக்கின்றன.

இதிலும் ஒரு நிறக் கதை உண்டு. பச்சைத் தோல் பெண் ஒருத்திக்காக மேக்கப் சோதனை எடுத்தார்கள். லேபிலிருந்து வந்த படத்தில் சாதாரணத் தோல். இன்னும் அடர்த்தியாகப் பச்சை பூசினார்கள். மறுபடியும் சாதாரணத் தோல். லேப்காரர்கள் ஏதோ தப்பாகிவிட்டது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பச்சையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முழுக் கலர் வடிவத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒட்டுப்போட்டதைப் போட்டேன். மெனாஜரிக்கு எடுத்த காட்சிகள் கலரில், மற்றவை கறுப்பு வெள்ளையில். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று எல்லார் சட்டையும் சாம்பலாகும், அடுத்த காட்சியில் திரும்ப நிறம் வரும். மகளுக்கு முதலில் டிவி கெட்டுவிட்டதோ என்று சந்தேகம். பிறகு நகர்ந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். சாம்பல் காட்சியில் யாரோ வாசல் பக்கம் போனார்கள்.

"இப்ப யார் சாவான்னு தெரியலையேப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண் எடுக்காமல், அந்த நீலம் ஆரஞ்சு பச்சைத் தாள் இப்போது எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டாள்.