9-வது வளைவிலிருந்து 31-வது வளைவு வரை

நேற்று 31-வது வளைவு தாண்டும் வரை என் பூனை செவலை வாந்தி எடுக்கவில்லை! ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. மே மாதம் முதல் தடவை போனபோது 9-வது வளைவிலேயே, லோம்ஸ் வியூ காட்சி முனையில் வண்டியை நிறுத்திக் கூண்டைக் கழுவினேன். இரண்டாவது தடவை 14. அம்மா வீடு மேலே இருக்கிறது, போகாமலும் முடியாது.

கிளம்பும் முன் பட்டினி போடுவது, கூண்டைத் துண்டு போட்டு மூடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசிச் சாப்பாடு 5 மணி நேரம் முன்பு, தண்ணீர் கிளம்பும் வரை. இந்தத் தடவை மாற்றியது கூண்டு இருக்கும் இடத்தை மட்டும்.

இத்தனை நாள் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன். சீட் பின்பக்கம் சரிவு, கூண்டும் சாய்ந்தே நிற்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு விரல் அளவு நகர்ந்து திரும்பி வரும். கார் ஒரு பக்கம் திரும்ப, கூண்டு கொஞ்சம் தாமதமாக இன்னொரு ஆட்டம் ஆட, சமநிலையைப் பார்க்கும் அவளுடைய உள்காது எதை நம்பும்?

அதனால் முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் இறக்கினேன். அங்கே நடுவில் மேடு. ரப்பர் அடி வைத்த தேங்காய் நார் மிதியடியை வெட்டி, பள்ளத்தில் மூன்று அடுக்கு போட்டேன். கூண்டின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து மட்டம் பார்த்து, ஒரு அடுக்கை எடுத்து, மறுபடி வைத்து, ஒரு மணி நேரம் போனது. அப்புறம் முன்சீட்டைப் பின்னால் தள்ளியதும் கூண்டு கவ்வியபடி நின்றது. கையால் உலுக்கினாலும் அசையவில்லை.

பொள்ளாச்சியில் நாருக்கா பஞ்சம்! பட்டறையில் கேட்டேன், ஓரம் வெட்டிய துண்டுகளை எடை போட்டே கொடுத்தார்கள். மெத்தைக்குப் போடும் ரப்பர் கலந்த நார்ப்பலகையும் பார்த்து வைத்திருக்கிறேன். அதிர்வை இன்னும் நன்றாக வாங்கும் என்று தோன்றுகிறது.

24-வது வளைவில் உதட்டை நக்க ஆரம்பித்தாள். உடனே ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கிப் பத்து நிமிடம் நின்றோம். அடங்கியது. 32-ல் எச்சில் ஒழுகி, அடித்தொண்டையில் ஒரு குரல், அப்புறம் வெறும் நுரை. 26-லேயே இன்னொரு தடவை நிறுத்தியிருக்க வேண்டும்.

எடை பார்த்து, வாந்தியைத் தடுக்கும் மரோபிடன்ட் மாத்திரை தரலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது மாத்திரை இல்லாமல் ஒரு தடவை பார்க்கப் போகிறேன். இறக்கத்தில் கூண்டு முன்பக்கம் சாயும். முன் ஓரத்துக்கு நான்காவது அடுக்கு வெட்டியாகிவிட்டது.